வட்டத்துக்கு வெளியே இருந்த தரை

காலை பத்து நாற்பதுக்குக் கணினித் திரையில் என் மகன் போன படகின் புள்ளி நகராமல் நின்றது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே அதன் நேரம் எழுதியிருக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அது மாற வேண்டும். பத்து நாற்பத்திரண்டுக்கு மாறவில்லை. பத்து ஐம்பதுக்கும் மாறவில்லை. பதினொரு மணிக்குப் பச்சைப் புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது. பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குத் தெற்கே, கரையிலிருந்து வெகுதூரத்தில், ஒரு சாம்பல் புள்ளி.

அந்தப் புள்ளியை அனுப்பிய பெட்டியைச் செய்தது நாங்கள்தான். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. படகில் மாட்டிவிட்டால், படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பழவேற்காட்டில், டச்சுக் கல்லறையைத் தாண்டி வரும் சாலையில், ஒரு பழைய ஐஸ் கிடங்கை வாடகைக்கு எடுத்துப் பன்னிரண்டு பெண்களோடு மின்சுற்றுப் பலகைகள் பொருத்தும் சிறு தொழிலகம் ஒன்றை நடத்திவருகிறேன். சோலார் விளக்குப் பலகைகள்தான் எங்கள் வழக்கமான வேலை. படகுப் பெட்டி, ஊர் மீனவர் சங்கம் சோதனைக்காகக் கேட்டது. அதனால் திரையையும் எங்கள் தொழிலகத்திலேயே ஒரு மூலையில் வைத்திருந்தோம்.

நான் பொன்னேரிக் கல்லூரியில் இயற்பியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன் அம்பத்தூரில் ஐந்து வருடம் இதே வேலை பார்த்தேன். கணவர் குவைத்தில் இருக்கிறார். ஒரே மகன். டிப்ளமோ முடித்ததும், கம்பெனி பஸ் பிடித்து வேலைக்குப் போவதைவிடத் தன் சித்தப்பாவோடு, அதாவது என் கொழுந்தனாரோடு, கடலுக்குப் போவது பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டான். நான் இரண்டு மாதம் அவனோடு சரியாகப் பேசவில்லை. பிறகு, நாங்கள் செய்த பெட்டியில் ஒன்றை நானே அந்தப் படகில் மாட்டிவிட்டேன். அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

இனி தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடந்தது எல்லாம் அந்தத் தரையிலிருந்துதான்.

நைலக்ஸ் புடவையை உருவும்போது படபடவென்று சத்தம் வருமே, அந்த மின்சாரம்தான் எங்கள் வேலைக்குப் பகை. நடந்தாலே உடம்பில் அது சேரும். நமக்குத் தெரியாது. அந்த உடம்போடு, பலகையில் பொருத்தும் ஒரு சில்லை, அதாவது சிப்பை, தொட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி அதற்குள் பாயும். சில்லு அப்போதே செத்துவிட்டால் பரவாயில்லை, சோதனையில் பிடித்துவிடலாம். பாதி அடிபட்டது சோதனையில் தேறிவிடும். வெளியே போய்ப் பத்து நாளோ இருபது நாளோ வேலை செய்துவிட்டு, ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். இதற்காகத்தான் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு மணிக்கட்டில் எர்த் கம்பி கோத்த பட்டை. எழுந்து நடப்பவர்களுக்குத் தரைதான் காவல். உடம்பில் சேர்ந்ததைத் தரை மெதுவாக வாங்கிப் பூமிக்குள் விட வேண்டும்.

பழவேற்காட்டில் காற்று ஈரமானது, இங்கே அந்தத் தொந்தரவு குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஈரத்தில் உப்பு இருக்கிறது, பலகைகளை அரித்துவிடும். உப்பை வெளியே நிறுத்த ஜன்னல்களை அடைத்து ஏசி போட்டோம். ஏசி அறையைக் காயவைத்தது. ஒரு பகையை விரட்டி இன்னொன்றை நானே உள்ளே அழைத்து உட்காரவைத்தேன்.

தரையைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. மேலே ஊற்றிப் பரப்பும் எபாக்ஸி பார்க்க அழகு. ஆனால் ஏரிக்கரை மண்ணில் அடியிலிருந்து ஈரம் ஏறும். அம்பத்தூரிலிருந்து வந்த தரைக்காரர் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சிமென்ட் தரையில் நான்கு பக்கமும் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் வந்து பிரித்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். எபாக்ஸி போட்டிருந்தால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருக்கும். பழைய தரையைப் பெயர்த்து, தடித்த பிளாஸ்டிக் விரித்து, புதுக் கான்கிரீட் போட்டு, அது காயும்வரை காத்திருந்து, அப்புறம் மின்சாரத்தைக் கடத்தும் கறுப்பு நரம்பு ஓடிய வினைல் டைல் கற்களைப் பதித்தோம். கல்லாக இருந்தால் ஒன்று கெட்டாலும் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். கற்களுக்கு அடியில் செப்புத் தகடு, அதிலிருந்து வெளியே எர்த் குழிக்கு ஒரு கம்பி. குழியில் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். உப்பு மூட்டை எங்கே வாங்குவது என்று தரைக்காரர் கேட்டபோது எங்கள் பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமானது. அதே உப்புதான் செம்பைத் தின்னும். அதனால் மாதம் ஒரு முறை கம்பியின் பிடியைக் கழற்றிப் பச்சைக் களிம்பைச் சுரண்ட வேண்டும். அதையும் செய்துவந்தோம்.

போகும்போது தரைக்காரர் ஒன்று சொன்னார். "மேடம், இதுக்கு மேல மெழுகு, பாலிஷ், பினாயில் எதுவும் வேணாம். வெறும் தண்ணி, கொஞ்சம் சோப்பு. மேல எதையாவது பூசுனா தரை அழகாயிடும், ஆனா செவிடாயிடும்."

பினாயில் போடாத தரை கழுவின தரையா என்று எங்கள் பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் ஒன்றரை வருடம் அவர் சொன்னபடியே நடந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பெண்களில் பாதிப்பேர் கடலோரக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். அந்த வாரம் அவர்கள் வீடுகளில் படகைக் கழுவி, இன்ஜினைத் துடைத்து, எண்ணெய் பூசி, பொட்டு வைத்திருப்பார்கள். சோறு போடுகிற பொருளுக்கு அன்றைக்கு எண்ணெய் வைக்காமல் விட்டால் அதை மதிக்கவில்லை என்று பொருள். பேக்கிங் பார்க்கிற பெண், என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். மங்கிப்போயிருந்த தரையைக் காலால் தேய்த்துக் காட்டினாள்.

"இன்னாக்கா இது, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாச்சு. இது மட்டும் செத்த மீன் கண்ணு மாதிரி கெடக்குது. நாள் முச்சூடும் நம்மளத் தாங்குது, இதுக்கு ஒண்ணும் கெடையாதா?"

அவள்மேல் பழி போட இதை எழுதவில்லை. அவள் கேட்டாள், அவ்வளவுதான். பொன்னேரியில் கடைக்குப் போய் மெழுகுப் பாலிஷ் டப்பா வாங்கியது நான். மாப் கட்டையில் துணி சுற்றி முதல் வரிசையைத் தேய்த்ததும் நான். தரைக்காரர் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. ஒரே ஒரு தடவைதானே, நாலு நாளில் தேய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வரவிருந்தார் என்பதும் ஒரு காரணம். தரை கண்ணாடி போல ஆனது. எல்லோரும் செருப்பில்லாமல் அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை வழக்கம்போலத் தரையை அளந்தோம். தராசுப் படிக்கல் போன்ற இரண்டு உலோகக் குண்டுகளைத் தரையில் வைத்து, தரை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும்; அளவு ஏறினால் தரை கெட்டுவிட்டது என்று பொருள். அறையில் ஐந்து இடங்களில் வட்டம் போட்டு வைத்திருந்தோம். அளவு சரியாக இருந்தது. அடுத்த திங்களும் சரி, அதற்கடுத்ததும் சரி. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். படகுப் பெட்டிகளில் கடைசித் தொகுதி அந்த மூன்று வாரத்தில்தான் தயாரானது. அதிலிருந்து ஒன்றைத்தான் மகனின் படகில் மாட்டினேன்.

அந்தக் காலைக்கு வருகிறேன். விடியும் முன்பே போன படகுகள், ஒன்பது மணிக்கு மேல் வாடைக்காற்று ஏறியதும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கியிருந்தன. அப்போது முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தது. தண்ணீர் வற்றும் நேரத்தில் அலை அங்கே உடைந்து புரளும். உள்ளே வரும் படகு ஒரு கையளவு தப்பினாலும் கவிழும். மகனுக்குப் போன் செய்தேன், போகவில்லை. அவன் சித்தப்பாவுக்கும் போகவில்லை. அதில் புதிது ஒன்றும் இல்லை, அந்தத் தூரத்தில் எடுக்காது. பன்னிரண்டு மணிக்கு மற்ற படகுகள் எல்லாம் படகு கட்டும் ஜெட்டிக்கு வந்துவிட்டன என்று தகவல் வந்தது. அவர்கள் மூன்று பேர் போன படகு மட்டும் வரவில்லை. கடைசியாகப் பார்த்தவர்கள், தெற்கே வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்றார்கள்.

நான் திரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. சாம்பல் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது பச்சையாகிவிடும் என்பதுபோல உட்கார்ந்திருந்தேன். கணவருக்குச் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

பன்னிரண்டே காலுக்கு இன்னொரு புள்ளி நின்றது. பேக்கிங் பெண்தான் பார்த்தாள். அது அவள் வீட்டுக்காரர் படகு.

"அக்கா, அவரு அப்பவே வந்துட்டாரே. படகு ஜெட்டிகிட்ட கட்டிக் கெடக்குது. அது ஏன் நின்னுபோச்சு?"

உடனே அவருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. "நான் காணாப்பூட்டேனா? அட, படகுமேல குந்திக்கினு சோறு துன்னுக்கினு கீறேன்டி. காணாப்பூடறவன் இன்னாத்துக்கு வஞ்சிரம் துன்னப்போறான்?"

யாரும் சிரிக்கவில்லை. நான் பதிவேட்டை எடுத்துப் பெட்டி எண்களைப் பார்த்தேன். இரண்டும் ஒரே தொகுதி. பூஜைக்கு அப்புறம் செய்தவை.

அந்த நேரத்தில் என் மனம் போன போக்கை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது. ஒன்றரை வருடமாகக் கண்போலப் பார்த்துக்கொண்ட தரை கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தரை கெட்டிருந்தால் பெட்டி செத்திருக்கும். பெட்டிதான் செத்தது என்றால், படகுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். தரை நன்றாக இருந்தால், கடலில் ஏதோ நடந்திருக்கிறது.

மீட்டரை எடுத்தேன். பேக்கிங் பெண் வழக்கம்போல வட்டத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுக் குண்டுகளை வைத்தாள். முதல் வட்டம் சரியாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வட்டமும் எப்போதும் போலவே காட்டியது. என் தரை நன்றாக இருந்தது. வாழ்க்கையில் ஒரு நல்ல அளவைப் பார்த்து நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

அவள் பஞ்சையும் ஸ்பிரிட் பாட்டிலையும் கையில் வைத்துக்கொண்டு நாலாவது வட்டத்தைத் துடைக்கக் குனிந்தவள், அப்படியே நின்றாள்.

"அக்கா, நாம வாராவாரம் வட்டத்தத் தொடச்சிட்டுத்தான வெக்கிறோம். பூசினது இங்க எங்க கீது? தொடைக்காத எடத்துல வெச்சிப் பாக்கலாமா?"

குண்டுகளை வட்டத்துக்கு வெளியே இரண்டு கல் தள்ளி, துடைக்காமல் வைத்தாள். மீட்டர் தன்னால் காட்ட முடிந்த எல்லை வரைக்கும் ஏறி நின்றது. அறையில் வேறு எட்டு இடங்களில் வைத்தோம். எல்லா இடத்திலும் அதேதான். அதில் ஓர் இடத்தை ஸ்பிரிட்டால் தேய்த்து மறுபடி வைத்தோம். அளவு இறங்கிச் சரியானது. ஐந்து வட்டங்கள் மட்டும்தான் எங்களுக்கு உண்மை பேசிக்கொண்டிருந்தன. அதற்கு வெளியே இருந்த தரை முழுக்க பூஜை நாளிலிருந்தே செவிடு. அந்தச் செவிட்டுத் தரைமேல் நடந்துதான் பெட்டிகளுக்கான பலகைகளைக் கையில் எடுத்துப்போய் அடுக்கியிருக்கிறோம்.

பிற்பாடு அந்தத் தொகுதி முழுவதையும் திரும்ப வாங்கினேன். சங்கத்தில் போய் என்ன நடந்தது என்று சொன்னேன். மூன்று நாள் வேலையை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு பெண்களும் நானும் முழங்காலிட்டு அந்த மெழுகைச் சுரண்டிக் கழுவினோம். இப்போது வட்டங்கள் கிடையாது. ஒவ்வொரு வாரமும் கண்ணை மூடிக்கொண்டு யாராவது ஒரு பெண் ரப்பரை எறிவாள், அது விழும் இடத்தில் துடைக்காமல் முதலில் அளப்போம். ஆனால் இதெல்லாம் பிறகு. அன்றைக்கு மணி ஒன்று ஆகியிருந்தது. ஜெட்டியிலிருந்து போன் வந்தது. இரண்டு படகுகள் தேடப் புறப்படுகின்றன, ஆறு பேர், முகத்துவாரத்தைத் தாண்டிப் போகிறார்கள் என்று.

ஓடினேன். பேக்கிங் பெண்ணும் என்னோடு ஓடிவந்தாள். அந்த ஆறு பேரில் அவள் வீட்டுக்காரரும் ஒருவர். சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தார். ஜெட்டியில் நின்று பார்த்தாலே முகத்துவாரத்தில் வெள்ளையாக அலை உடைவது தெரிந்தது. இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாலிஷ் வாங்கியதிலிருந்து சொன்னேன். பெட்டிதான் கெட்டிருக்கிறது, படகு இல்லை, தண்ணீர் ஏறும்வரை போக வேண்டாம் என்றேன். அவர்களில் வயதானவர் ஒருவர், கடலைப் பற்றித் தரைக்கு என்ன தெரியும் என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, கோபமாகக் கேட்டாரா, தெரியவில்லை. இன்னொருவர், பெற்றவளே வேண்டாம் என்கிறாளே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பேக்கிங் பெண்ணின் வீட்டுக்காரர் இன்ஜினின் வேகத்தைக் குறைத்தார். மற்றவர்களைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. பொட்டி பூட்ச்சின்னா படகு நல்லாத்தான் கீதுன்னு அர்த்தமா?"

"இல்ல," என்றேன். "ரெண்டும் நடந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. இப்ப அந்த அலையில நீங்க போனா ஆறு பேருக்கும் ஆபத்துன்னு மட்டும் தெரியுது. உங்க படகுல இருக்கிறதும் அதே பெட்டிதான். கடலுக்குள்ள போயிட்டா உங்களையும் என்னால பாக்க முடியாது."

அவர் முகத்துவாரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்ஜினை நிறுத்தினார், மற்றப் படகிலும் நிறுத்தினார்கள். அந்தச் சத்தம் நின்றபோது, என் மகனை நானே கைவிட்டுவிட்டேன் என்று தோன்றியது.

மூன்று மணிக்குத் தண்ணீர் ஏறும், அலை கொஞ்சம் அடங்கும், அடங்காவிட்டாலும் மூன்றுக்குப் போவோம், அப்போது யார் சொன்னாலும் கேட்க மாட்டோம் என்று சொன்னார்கள். சரி என்றேன்.

அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆறு பேரும் படகுகளிலேயே உட்கார்ந்திருந்தார்கள். குப்பத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மெழுகைப் பற்றி ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நியாயம்தான், அவர்கள் தங்கள் பிள்ளைகளை அந்தப் பெட்டிகளை நம்பி அனுப்பியிருந்தார்கள். ஒரு பெண்மணி தண்ணீர் கொடுத்தார். ஒருவர் வெயில் என்று சொல்லி ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து நிழலில் போட்டு உட்காரச் சொன்னார். என் தொழிலகத்தின் மற்ற பெண்கள் பதினோரு பேரும் பூட்டிவிட்டு வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். பேக்கிங் பெண் என் கையை விடவே இல்லை. கேட்டது நான்தானே அக்கா, என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். வாங்கியது நான் என்றேன்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஆறு பேரும் எழுந்தார்கள், படகுக்கு ஒருவர் இன்ஜின் கயிற்றில் கை வைத்தார். அப்போது ஜெட்டியின் முனையிலிருந்து யாரோ கையைக் காட்டினார்கள். முகத்துவாரத்துக்கு வெளியே நீல நிறத்தில் ஒரு படகு. அது உடனே உள்ளே வரவில்லை. ஓர் அலையை விட்டது, இன்னொன்றை விட்டது, மூன்றாவதன் முதுகில் ஏறி உள்ளே வந்தது. எண்ணிப் பார்த்தேன், மூன்று தலை இருந்தது. மறுபடி எண்ணினேன்.

வலை அடியில் எதிலோ மாட்டிக்கொண்டதும், அதை விடுவிக்க நேரமானதும், திரும்பி வந்து முகத்துவாரத்தின் அலையைப் பார்த்த என் கொழுந்தனார் தண்ணீர் ஏறட்டும் என்று இரண்டு மணி நேரம் வெளியிலேயே, மணல் திட்டின் மறைவில் போன் எடுக்காத இடத்தில், படகை நிறுத்தி வைத்திருந்ததும் மாலையில்தான் எனக்குத் தெரிந்தது. அவசரப்பட்டு உள்ளே வரக்கூடாது என்று அங்கே அவர் நினைத்ததையும், வெளியே போகக்கூடாது என்று நான் சொன்னதற்கு இங்கே இவர்கள் இணங்கியதையும் சேர்த்து நினைக்கும்போது, யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரிவதில்லை.

படகு ஜெட்டியை இடித்து நின்றது. மகன் முதலில் குதித்தான். தலைமுடியில் உப்பு பூத்திருந்தது. ஜெட்டி முழுக்க நின்ற கூட்டத்தைப் பார்த்தான், படகுகளில் புறப்படத் தயாராக நின்ற ஆறு பேரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. நேரே என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"இன்னாம்மா, ஊரே நிக்குது. யாரு வரல?"